எண்பது டன்னுக்குச் செருப்பு

இரவு இரண்டு மணி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.
அக்தொகாய் யார்டு, எட்டாவது தடம்.

என் வேலை இது:
உருண்டு வரும் வேகனின் சக்கரத்துக்கு முன்னால்
தண்டவாளத்தின் மேல் ஓர் இரும்புக் கட்டையை வைப்பது.
ருஷ்ய மொழியில் அதற்குப் பஷ்மாக் என்று பெயர்,
செருப்பு என்று அர்த்தம்.
ஆக, எண்பது டன் செம்புத் தாதுவுக்குச்
செருப்பு மாட்டிவிடுகிறவள் நான்.
ரிஸ்குல். பதினோரு வருடம். பத்து விரலும் இருக்கின்றன.

மேட்டின் மேலிருந்து எஞ்சின் ஒரு தள்ளு தள்ளும்.
அதற்குப் பிறகு வேகன் தனி.
விளக்கு இல்லை, ஓட்டுநர் இல்லை,
கிழக்கே பார்த்த முகமும் அதன் கனமும் மட்டும்.
பனியில் சத்தம் கேட்காது.
காதுக்கு முன்னால் கால்தான் அறியும்.

பதவி உயர்வுத் தேர்வில் ஒரு கணக்கு வந்தது:
நொடிக்கு ஒன்றரை மீட்டரில் வரும் எண்பது டன்
நிற்கும் காலி இருபது டன்னைக் கவ்விக்கொண்டால்
இரண்டும் சேர்ந்து என்ன வேகம்?
ஒன்று புள்ளி இரண்டு.
விடையை முதலில் எழுதினேன், வழியைப் பிறகு.
அந்த வேகத்தின் பக்கத்தில் எத்தனை இரவு
நடந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?
மோதும்போது கொக்கி அலறும், பொறி பறக்கும், இரும்பு சுடும்.
அதெல்லாம் வேறு கணக்கு, அதில் நஷ்டம் உண்டு.
உந்தத்தின் பேரேட்டில் மட்டும்
ஒரு காசு குறையாது.
திசையையும் சேர்த்து எழுதினால்.

திசையைச் சேர்க்க மறந்த வருடம் ஒன்று இருந்தது.

சசிக்கோல் ஏரிக்கரையில், மெய்ராம்பெக்கின் துப்பாக்கியால்
ஓர் ஓநாயைச் சுட்டேன்.
பத்துக் கிராம் ஈயம் எண்ணூறு மீட்டரில் அங்கே போக,
நாலு கிலோத் துப்பாக்கி
இரண்டு மீட்டரில் என்னைத் தேடி வந்தது.
குண்டு நாணலில் எங்கோ தொலைந்தது.
துப்பாக்கி மட்டும் குறி தவறவில்லை.
தோளில் ஒரு மாதம் நீலம்.
அவன் சிரித்தான். நான் ஒன்று சொன்னேன்.
எடை குறைவான சொல்தான்,
வேகத்தைப் பற்றித்தான் நான் யோசிக்கவில்லை.

அவன் மேற்கே போனான், கரகண்டாவுக்கு.
நான் இருந்த இடத்தில்தான் இருந்தேன்
என்று எல்லோரிடமும் சொன்னேன்.
கனமான பொருள் அப்படித்தான் சொல்லும்.
பனி உருகும் மாதம் ஒருநாள் கவனித்தேன்:
கட்டில் கிழக்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது.
கெட்டில், ரேடியோ, ஒற்றை நாற்காலி,
எல்லாம் அவன் போன திக்குக்கு எதிரே
கொஞ்சம் கொஞ்சமாக.
நானேதான் நகர்த்தியிருக்கிறேன்.
எந்த நாளில் என்று நினைவில்லை.

'எட்டுக்கு ஒன்று. கனம்,' என்கிறாள் ஸவ்ரே வாக்கிடாக்கியில்.

வைக்கிறேன். விலகுகிறேன்.
சக்கரம் செருப்பில் ஏறுகிறது,
இரும்பை இரும்பு இழுத்துக்கொண்டு இருபது மீட்டர்,
பிறகு அமைதி.

வந்தது நின்றுவிட்டது. கொண்டுவந்தது எங்கே?
கட்டைக்கு, தண்டவாளத்துக்கு, ஜல்லிக்கு,
ஜல்லிக்கு அடியில் இந்த முழுப் புல்வெளிக்கு.
பூமி கிழக்கே ஒரு துளி தள்ளப்பட்டது.
அதை அளக்க யாரிடமும் கோல் இல்லை.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
மேட்டில் எஞ்சின் வேகனைத் தள்ளியபோதே
பூமியை மேற்கே உதைத்துத்தான் தள்ளியது.
அது வாங்கிய கடன், நான் அடைக்கிறேன்.
ஷிஃப்டுக்கு நாற்பது முறை,
கையெழுத்து இல்லாமல்.

செருப்பைப் பனியில் போடுகிறேன். சீறுகிறது.
'அடுத்தது காலி,' என்கிறாள் ஸவ்ரே,
'நிதானமாக வரும்.'

வெளியிலிருந்து எதுவும் தொடாதவரை என்று
விதியில் ஒரு வரி உண்டு.
ஏரிப் பக்கமிருந்து காற்று எழும்பிவிட்டது.
காலி வேகனுக்கு அது பாய் விரித்த மாதிரி.

இன்னொரு செருப்பையும் எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.